கார் கம்பெனி வருகிறதாம்... உங்கள் பட்டா சரியாக இருக்கிறதா?

கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் படைப்புழு, இலைக்கருகல் பற்றிய கேள்விகளுக்கு நடுவே இப்போதெல்லாம் வேறொரு கேள்வியும் வருகிறது. 'எங்கள் ஊர்ப் பக்கம் கார் கம்பெனி வருகிறதாம், சிப்காட்டுக்கு நிலம் எடுக்கப் போகிறார்களாம், தரகர் வந்து விலை பேசுகிறார், கொடுத்துவிடலாமா?' என்பதுதான் அதன் சாரம். உரம், மருந்து என்றால் நான்கு வரியில் பதில் சொல்லிவிடலாம். இதற்கு அது போதாது. அதனால் இந்த இதழில் இதைக் கட்டுரையாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் பகுதிக்கு சர்க்கரை ஆலை வந்தால் உங்கள் கரும்பு அங்கே போகும். நூல் ஆலை வந்தால் பருத்திக்கு ஒரு வழி உண்டு. கார் ஆலை உங்கள் வயலில் விளையும் எதையும் வாங்காது. கேன்டீனுக்குக் காய்கறி, பால் என்று கொஞ்சம் போகலாம், அதுவும் மொத்த ஒப்பந்தக்காரர் வழியாகத்தான். கார் ஆலைக்கு கிராமத்திடமிருந்து வேண்டியவை நிலம், தண்ணீர், ஆள். இந்த மூன்றும் என்ன விலைக்கு, என்ன நிபந்தனைக்குப் போகின்றன என்பதில்தான் உங்கள் குடும்பத்தின் லாப நஷ்டம் இருக்கிறது.

எப்படி வந்தது இந்தத் தொழில்?

எங்கள் இளமைக் காலத்தில் கார் என்றாலே அம்பாசிடர், பத்மினி இரண்டுதான். ஒன்று மேற்கு வங்காளத்தில் தயாரானது, இன்னொன்று பம்பாயில். சென்னையில் ஸ்டாண்டர்டு கார் கொஞ்சம் தயாரானது. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. 1983 டிசம்பரில் டெல்லி பக்கம் குர்கானிலிருந்து முதல் மாருதி வந்தது. 1991-ல் பொருளாதாரக் கதவு திறந்து, 1993-ல் கார் தயாரிக்க லைசென்ஸ் வேண்டியதில்லை என்று ஆனதும் வெளிநாட்டுக் கம்பெனிகள் இடம் தேடி வந்தன. 2024-25-ல் இந்தியாவில் சுமார் 43 லட்சம் கார்கள் விற்றன. 2022-ல் ஜப்பானையும் தாண்டி உலகின் மூன்றாவது பெரிய கார் சந்தையாக ஆகிவிட்டோம்.

அந்தக் கம்பெனிகளில் பல சென்னைப் பக்கம் வந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு காரில் திருகாணி வரை எண்ணினால் சுமார் 30,000 பாகங்கள். அவ்வளவையும் ஒரே கம்பெனி செய்வதில்லை. இரும்புத் தகட்டை அழுத்துவது, பாடியை வெல்டிங் செய்வது, பெயிண்ட் அடிப்பது, எல்லாவற்றையும் கோர்ப்பது ஆகியவைதான் கார் ஆலைக்குள் நடக்கும். பிரேக், சீட், கண்ணாடி, டயர், ஒயர் எல்லாம் வெளியிலிருந்து, பெரும்பாலும் மணிக்கணக்கு பார்த்து, லாரியில் வந்து இறங்கும். குடோனில் குவித்து வைக்கும் வழக்கம் இல்லை. அதனால் பாகங்கள் செய்கிறவர்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் இங்கே முன்பே இருந்தார்கள். எண்ணூரில் லாரி செய்த அசோக் லேலண்ட், டி.வி.எஸ். குழுமத்தின் பாகத் தொழிற்சாலைகள், எம்.ஆர்.எஃப். டயர், நம் வயலில் ஓடும் டிராக்டரைச் செய்கிற, 1960-ல் தொடங்கிய டாஃபே என்று ஒரு பெரிய குடும்பமே இருந்தது. துறைமுகமும் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் முதல் காரை விற்பனைக்கு விட்டது. மறைமலை நகரில் ஃபோர்டு, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் என்று வரிசையாக வந்தன. இப்போது ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் டாடா அடிக்கல் நாட்டியது. தூத்துக்குடியில் வியட்நாம் கம்பெனியான வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் மின்சாரக் கார் ஆலையைத் திறந்தது.

இதிலிருந்து விவசாயி எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று. கார் கம்பெனி தனியாக வராது. பின்னாலேயே பாகம் செய்யும் கம்பெனிகள், குடோன்கள், லாரி நிறுத்துமிடம், வீட்டு மனைகள் என்று பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு அது பரவும். 'என் சர்வே நம்பர் லிஸ்டில் இல்லை, எனக்குக் கவலையில்லை' என்று இருந்துவிட முடியாது.

நிலம்: யாருக்கு விற்கிறீர்கள்?

ஆலை வரும் செய்தி பத்திரிகையில் வருவதற்கு முன்பே தரகருக்குத் தெரிந்திருக்கும். சும்மா கிடந்த புன்செய்க்குத் திடீரென்று இரண்டு பங்கு விலை சொன்னால், ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: நேற்று வரை வராதவர் இன்று ஏன் வருகிறார்? அவர் நிலத்தை வாங்குவதுகூட இல்லை. கொஞ்சம் முன்பணம் கொடுத்து பவர் பத்திரம் எழுதி வாங்குவார். பிறகு நிலம் எந்த விலைக்குப் போனாலும் வித்தியாசம் அவருக்கு. பவர் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து உங்கள் பெயரில் பட்டா இருந்தாலும் பேரம் உங்கள் கையில் இல்லை. அவசரச் செலவுக்குப் பணம் வேண்டும் என்றால் நகைக்கடனுக்குப் போங்கள், பவருக்குப் போகாதீர்கள்.

அரசு எடுக்கும்போது என்ன நடக்கும்? 2013-ல் வந்த மத்திய நிலமெடுப்புச் சட்டத்தைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். '80 சதவிகிதம் பேர் சம்மதித்தால்தான் எடுக்க முடியும்' என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். தனியார் கம்பெனிக்காக அந்தச் சட்டப்படி எடுத்தால்தான் அந்த விதி. சிப்காட்டுக்கு நிலம் எடுப்பது வழக்கமாக தமிழ்நாடு அரசின் 1997-ம் ஆண்டு தொழில் நோக்கங்களுக்கான நிலமெடுப்புச் சட்டப்படி. அதில் சம்மத விதியும் கிடையாது, சமூகத் தாக்க ஆய்வும் கிடையாது. இந்தச் சட்டம் செல்லாது என்று 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு சட்டசபை அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்று ஏற்றுக்கொண்டது. ஆகவே சம்மத விதியை நம்பி நோட்டீசை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். 3(2) நோட்டீஸ் வந்தால் அதில் குறிப்பிட்ட நாளுக்குள் உங்கள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு 3(1) அறிவிப்பு அரசிதழில் வந்துவிட்டால் நிலம் அரசுக்குச் சொந்தமாகிவிடும். அதற்கப்புறம் பேச்சு பெரும்பாலும் தொகையைப் பற்றித்தான்.

தொகையில் ஒரு நல்ல விஷயம் உண்டு. எடுப்பது மாநிலச் சட்டப்படி என்றாலும் இழப்பீடும் மறுவாழ்வும் 2013 சட்டத்தின் அளவுப்படிதான். அந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். அரசு வழிகாட்டி மதிப்பு ஒன்று. பக்கத்தில் அதே வகை நிலம் கடந்த 3 ஆண்டுகளில் விற்ற பத்திரங்களில், அதிக விலையுள்ள பாதியின் சராசரி இன்னொன்று. இரண்டில் எது அதிகமோ அது சந்தை மதிப்பு. கிராமப்புறம் என்றால் நகரத்திலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்து அதை 1 முதல் 2 வரை ஓர் எண்ணால் பெருக்குவார்கள். அதோடு மரம், கிணறு, கட்டடம் ஆகியவற்றின் மதிப்பைச் சேர்த்து, வந்த மொத்தத்துக்குச் சமமான தொகையை ஆறுதல் தொகையாகக் கூட்டுவார்கள்.

உதாரணத்துக்கு, ஏக்கர் 10 லட்சம் என்றும் பெருக்கும் எண் 1.25 என்றும் வைத்துக்கொள்வோம். பன்னிரண்டரை லட்சம். கிணறும் மரமும் 2 லட்சம். மொத்தம் பதினாலரை லட்சம், ஆறுதல் தொகையோடு 29 லட்சம். 

இப்போது அதே ஊரில் எல்லோரும் முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடிக்க, 10 லட்சத்துக்கு விற்ற நிலத்தை 5 லட்சம் என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறார்கள், வழிகாட்டி மதிப்பும் அதைத் தாண்டவில்லை என்று வையுங்கள். கணக்கு பதினாறரை லட்சத்தில் நின்றுவிடும். பத்திரப் பதிவில் மிச்சம் பிடித்த சில ஆயிரங்கள் ஊரில் நிலம் விற்காதவனுக்கும் சேர்த்து லட்சக்கணக்கில் நஷ்டம் வைக்கின்றன. நிலமெடுப்பு விசாரணையில் 'வெளியே ஏக்கர் இவ்வளவு போகிறது சார்' என்று சொன்னால் அதிகாரி கேட்பது ஒன்றே ஒன்றுதான்: பத்திரம் இருக்கிறதா?

நேரடிப் பேச்சுவார்த்தையில் ஒரு விலைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு கூடுதல் கேட்பது மிகவும் கடினம். ஒப்பாத பட்சத்தில், தொகையை ஆட்சேபத்தோடு பெற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டு, கெடுவுக்குள் கூடுதல் கேட்டு மனுச் செய்யலாம். மாவட்ட இலவச சட்ட உதவி மையத்தில் இதற்கு வழக்கறிஞர் உதவி கேளுங்கள்.

பட்டாவும் அடங்கலும்

நான் வேலை பார்த்த ஒரு வட்டாரத்தில் அண்ணன், தம்பி இருவருக்கும் ஒரே அளவு நிலம், ஒரே வாய்க்கால் பாசனம். அண்ணன் தன் பாகத்தை உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கி வைத்திருந்தார். தம்பியின் பாகம் தாத்தா பெயரிலேயே கூட்டுப்பட்டாவில் கிடந்தது. நிலம் எடுத்தபோது அண்ணனுக்குப் பணம் வங்கிக்கு வந்துவிட்டது. தம்பியின் தொகை, பங்காளிகள் ஒருவர் மேல் ஒருவர் மனுப் போட்டதால் நீதிமன்ற டெபாசிட்டுக்குப் போனது. வாரிசுகளில் ஒருவர் துபாயில், ஒரு அத்தை எங்கோ வடக்கே. வயலும் போய், பணமும் வராமல் அவர் கூலிக்குப் போனதைப் பார்த்தேன். ஆலை வந்தாலும் வராவிட்டாலும் தாத்தா பெயரில் இருக்கும் பட்டாவை இந்த வருடமே மாற்றிவிடுங்கள். வாரிசுச் சான்று, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, புலப்பட நகல் நான்கையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள்.

அடங்கல் விஷயம் என் துறைக்கு நெருங்கியது. நிலமெடுப்பில் பழ மரங்களைத் தோட்டக்கலைத் துறையும், தேக்கு போன்றவற்றை வனத்துறையும், கிணறு, கட்டடங்களைப் பொதுப்பணித் துறையும் மதிப்பிடும். நிற்கும் பயிருக்கு வேளாண்மைத் துறையைக் கேட்பார்கள். நாங்கள் வந்து பார்க்கும்போது வயலில் என்ன நிற்கிறதோ, அடங்கலில் என்ன ஏறியிருக்கிறதோ, அதைத்தான் எழுத முடியும். பல ஊர்களில் நடப்பது என்ன தெரியுமா? கம்பெனி வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதுமே ஏர் கட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள். விதைக்கும் உரத்துக்கும் ஏன் செலவு என்ற எண்ணம். நான்கு வருடம் சீமைக்கருவேல் மண்டிக் கிடந்தால் அடங்கலில் 'தரிசு' என்று ஏறும். முப்போகம் விளைந்த நிலம், காகிதத்தில் ஒன்றுக்கும் உதவாத நிலமாகிவிடும். 'இது விவசாயத்துக்கு உதவாத பூமிதானே' என்று பின்னால் யாராவது சொன்னால், அதற்கு ஆதாரத்தை நாமே எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடும்.

குத்தகைக்காரர் கதி

கார் ஆலை என்றால் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது சிங்கூர். மேற்கு வங்காளத்தில் டாடா நானோ காருக்காக 2006-ல் 997 ஏக்கர் எடுத்தார்கள். நெல்லும் உருளைக்கிழங்கும் மாறி மாறி விளைந்த பூமி. பெரிய போராட்டம். 2008 அக்டோபரில் டாடா அங்கிருந்து விலகி குஜராத்தில் சானந்துக்குப் போனது. அங்கே கொடுக்கப்பட்டது ஆனந்த் வேளாண் பல்கலைக்கழகத்தின் நிலம் என்பதை எங்கள் துறைக்காரர்கள் அப்போது பெருமூச்சோடு பேசிக்கொண்டோம். 2016 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் சிங்கூர் நிலமெடுப்பு செல்லாது என்று சொல்லி, நிலத்தை உரியவர்களுக்குத் திருப்பித் தரச் சொன்னது. பத்து வருடம் கழித்து நிலம் திரும்பியது. ஆனால் எந்த நிலம்? கொட்டகையும் கான்கிரீட் தளமும் போட்ட நிலம். மேல் மண் அரை அடி உருவாக எத்தனை தலைமுறை ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கான்கிரீட்டை உடைத்து எடுத்த மறுநாளே அங்கே நாற்று நட முடியாது.

அந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. அங்கே பங்கு சாகுபடி செய்கிறவர்களுக்குப் பதிவு முறை உண்டு. பதிவு செய்திருந்தவர்களுக்கு இழப்பீட்டில் ஒரு பங்கு என்று அரசு சொன்னது. பதிவு இல்லாதவர்கள், அதே வயலில் அதே வேலை செய்தும், கணக்கிலேயே வரவில்லை.

நம் ஊரில் எத்தனை குத்தகை எழுத்தில் இருக்கிறது? வாய் வார்த்தைதான். வருடத்துக்கு இத்தனை மூட்டை என்று பேசி, இருபது வருடம் உழுதிருப்பார். 2013 சட்டத்தின் கணக்கில், எடுப்பதற்கு முந்தைய 3 ஆண்டுகள் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த குத்தகைதாரரும் விவசாயக் கூலியும்கூட 'பாதிக்கப்பட்ட குடும்பம்'தான். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு வேலை, அல்லது ஒரே தவணையாக 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத தொகை என்று அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் 'நான்தான் உழுதேன்' என்பதற்கு ஒரு காகிதம் வேண்டுமே! 1969-லேயே குத்தகை உரிமைப் பதிவேட்டுக்கு நம் மாநிலத்தில் சட்டம் வந்தாயிற்று. தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்துப் பதியலாம். நிலத்துக்காரர் முகம் சுளிப்பார் என்று பலர் போவதில்லை. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. பதிவு முடியாவிட்டால், குத்தகை நெல் கொடுத்த ரசீது, கூட்டுறவு சங்கப் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு கட்டிய சீட்டு, நேரடி கொள்முதல் நிலைய ரசீது எதையும் தூக்கி எறியாதீர்கள்.

தண்ணீர்

காஞ்சிபுரம், செங்கல்பட்டு பக்கம் ஏரிகள் சங்கிலி போலக் கோர்த்தவை. மேல் ஏரியின் கலங்கல் வழிந்தால் கீழ் ஏரிக்கு வரத்து. ஆலை கட்டும்போது மனையை நாலடி, ஐந்தடி உயர்த்துவார்கள். நடுவில் போன வரத்துக்கால் வரைபடத்தில் மெல்லிய கோடு, தரையில் புதர். எந்திரம் வைத்து மூட அரை நாள் போதும். அதன் பிறகு மழையில் தண்ணீர் ஏரிக்குப் போகாமல் ஊருக்குள் போகும், கோடையில் ஏரி காய்ந்து கிடக்கும். ஒரு சென்ட்கூட நிலம் கொடுக்காத கீழ் ஆயக்கட்டுக்காரர் சம்பாவை இழப்பார், அவருக்கு இழப்பீடும் கிடையாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையைச் சுற்றிய கார் ஆலைகளே சில நாட்கள் மூட வேண்டி வந்தது. தண்ணீர் போகும் பாதை ஆலைக்கும் சேர்த்துத்தான் தேவை.

ஆகவே நிலமெடுப்புப் பேச்சு வந்தவுடன் ஊரார் சேர்ந்து செய்ய வேண்டிய முதல் வேலை, கிராம வரைபடத்தை வாங்கி வரத்துக்கால், போக்குக்கால், வண்டிப்பாதை, மேய்க்கால் ஆகியவற்றின் சர்வே எண்களைக் குறித்து, 'இவை மறிக்கப்படக் கூடாது, மாற்றுவதானால் மாற்றுக் கால்வாய் முதலில் வெட்ட வேண்டும்' என்று கிராம சபைத் தீர்மானமாகப் போட்டு கலெக்டருக்கும் நீர்வளத் துறைக்கும் அனுப்புவது. கால்வாய் மூடின பிறகு போடும் தீர்மானத்தை எவரும் படிப்பதில்லை.

பிள்ளைக்கு வேலை

'நிலம் கொடுத்தால் வேலை' என்பது பலருக்கும் பெரிய ஆசை. வேலை உண்டு, ஆனால் எந்த வேலை என்று கேளுங்கள். வெல்டிங், பெயிண்ட் வேலையில் பெரும்பகுதியை இன்று ரோபோ செய்கிறது. மிச்ச இடத்துக்கு ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்கள் வேண்டும். படிக்காத பிள்ளைக்குக் கிடைப்பது ஒப்பந்தக்காரர் கீழே துப்புரவு, காவல், லோடு இறக்கும் வேலை. அதுவும் பல இடங்களில் சில மாதம் வைத்துவிட்டு மாற்றும் வேலை. ஆலை கட்டி முடிக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அந்தக் காலத்துக்குள் பிள்ளையை ஃபிட்டர், எலெக்ட்ரீசியன், வெல்டர் என்று ஏதாவது ஒரு ஐ.டி.ஐ. படிப்பில் சேர்த்துவிட வேண்டும். அரசு ஐ.டி.ஐ.க்கள் 71-ஐ டாடா டெக்னாலஜிஸ் கம்பெனியோடு சேர்ந்து ரோபோ, நவீன எந்திரங்களோடு புதுப்பித்திருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து ஐ.டி.ஐ. போகும் பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய் உதவியும் உண்டு. ஆண் பிள்ளைக்கு 'தமிழ்ப் புதல்வன்', பெண் பிள்ளைக்கு 'புதுமைப் பெண்'.

மின்சாரக் காரில் இன்ஜின், சைலன்சர், கியர் பாக்ஸ் வகையறா பாகங்கள் வெகுவாகக் குறைகின்றன. அதனால் எலெக்ட்ரிக்கல் பக்கம் படிப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

ஆலையும் நிரந்தரம் அல்ல. மறைமலை நகர் ஃபோர்டு 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, 2022-ல் கடைசி காரை வெளியே விட்டது. 2024-ல் ஏற்றுமதிக்காகத் திரும்பி வருவதாகச் சொன்னது. நடுவில் அதை நம்பியிருந்த சின்னச் சின்ன பாகக் கம்பெனித் தொழிலாளர்கள் வேறு வேலை தேடி அலைந்தார்கள். அதனால் நிலம் கொடுத்த பணத்தில் முதலில் கார், மாடி வீடு என்று போகாதீர்கள். கொஞ்சம் உள்ளே தள்ளி, தண்ணீர் உள்ள இடத்தில், பாதி அளவாவது நிலம் வாங்கிவிடுங்கள். தொகை வந்த மாதத்தில் அரை ஏக்கர் என்பது மறு வருடம் கால் ஏக்கர் ஆகிவிடுகிறது. பணம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்கட்டும். பல வீடுகளில் அந்தப் பணத்தைக் காப்பாற்றியது வீட்டுப் பெண்கள்தான்.

நிலம் போகாதவர்களுக்கு இன்னொரு நெருக்கடி வரும். ஆட்கள் வேனில் ஏறிக் கம்பெனிக்குப் போய்விடுவார்கள், நடவுக்கு ஆள் கிடைக்காது. நடவு எந்திரம், அறுவடை எந்திரம் வாடகைக்கு வேளாண் பொறியியல் துறையில் முன்பதிவு செய்யுங்கள். வரிசை நீளம், கடைசி நேரத்தில் போனால் கிடைக்காது. இன்னொரு பக்கம், ஆலையைச் சுற்றி வாடகை வீடுகள் பெருகும்போது கீரைக்கும் பாலுக்கும் நல்ல கிராக்கி. முப்பது சென்டில் கீரை போட்டு, தினமும் காலையில் பைக்கில் கொண்டுபோய் விற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நெல்லை விட அவர்கள் கையில் தினசரிக் காசு ஓடுகிறது.

நிலம் எடுப்பார்கள் போலிருக்கிறது, அவசரமாக மாங்கன்று நட்டு வைத்தால் கூடுதல் தொகை கிடைக்குமா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். கிடைக்காது. கன்றின் வயதைப் பார்க்கத்தான் தோட்டக்கலைத் துறை வருகிறது. நட்ட செலவுதான் போகும்.

சம்பாவுக்கு நாற்று விடுவதா, நிறுத்தி வைப்பதா என்று கேட்டவர்களுக்கு: விடுங்கள். எடுப்பு அறிவிப்பு வரும் வரை அது உங்கள் வயல். நட்டு முடித்ததும் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, அடங்கலில் பயிர் ஏறிவிட்டதா என்று உறுதி செய்து, நகல் ஒன்று வாங்கி அந்த உறையில் சேர்த்து வையுங்கள்.